டுக்னாட்டும் தக்னாவாவும்: நார்வேஜியம், இலோகானோ இரண்டில் எது தமிழ்க் காதுக்குப் பக்கம்?

கடலோடி

அனைவருக்கும் வணக்கம். எண்ணெய்க் கப்பல் ஒன்றில் இரண்டாம் பொறியாளராக இருக்கிறேன். என் தலைமைப் பொறியாளர் நார்வேக்காரர், திரொண்ட்ஹெய்ம் பக்கத்தவர். எங்கள் போசன், பழைய கப்பல் பேச்சில் சொன்னால் சாரங்கு, பிலிப்பைன்ஸின் லா யூனியன் மாகாணத்தைச் சேர்ந்தவர். ஊர் அறிந்த மொழி தகாலோக் என்றாலும் அவர் வீட்டில் பேசுவது இலோகானோ.

போன வாரம் எஞ்சின் அறையைக் கழுவ வேண்டியிருந்தது. தலைமைப் பொறியாளர் பதவி பார்க்காமல் எல்லோர் கையிலும் ஒரு துணியைக் கொடுத்து "டுக்னாட்!" என்றார். ஊரார் கூடிக் கூலி வாங்காமல் செய்கிற வேலைக்கு அங்கே அதுதான் பெயராம். வசந்த காலத்தில் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் இறங்கி முற்றத்தைப் பெருக்குவார்கள், முடிந்ததும் காப்பியும் பன்னும் உண்டு. இதைக் கேட்ட போசன் சிரித்துவிட்டு, "எங்கள் ஊரில் இதற்குத் தக்னாவா என்று பெயர்" என்றார். வீடு கட்ட, நாற்று நட என்று ஊர் கூடும். சோறு போடுவது வேலைக்கு அழைத்தவர் பொறுப்பு.

டுக்னாட், தக்னாவா. ஒரே ஒலி, ஒரே பொருள். இரண்டுக்கும் ஒரே வேர் இருக்குமா என்பது என் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி: ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இரண்டில் ஒன்றைக் கொஞ்சமாவது கற்றுக்கொள்ள நினைக்கிறேன். தமிழனுக்கு எது எளிது?

ஒரு பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். நேற்று சாப்பாட்டு நேரத்தில் போசனிடம் பெருமையாக "மங்கன் கமி" என்றேன், "சாப்பிடுவோம்" என்ற நினைப்பில். அவர் முகம் ஒரு மாதிரி ஆகி, "சரி, நீங்கள் சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். என்ன தப்பு செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

இலக்கணச் சுமைதாங்கி

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், பசி சம்பந்தப்பட்டது என்பதால்.

நீங்கள் சொன்னது "நாங்கள் சாப்பிடுகிறோம்". சொல்ல நினைத்தது "நாம் சாப்பிடுவோம்", அதாவது "மங்கன் தயோ". இலோகானோவில் கமி என்றால் கேட்பவரை விலக்கிய நாங்கள். தயோ என்றால் கேட்பவரையும் சேர்த்த நாம். உங்கள் போசனை அழைக்கப் போய் அவரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டீர்கள்.

வேடிக்கை என்னவென்றால் இந்தப் பிழையைச் செய்ய நமக்கு உரிமையே கிடையாது. நாம், நாங்கள் என்ற வேறுபாட்டைப் பிறந்ததிலிருந்து பேசுகிறோம். நார்வேஜியர் செய்தால் மன்னிக்கலாம், அவர்களிடம் இருப்பது "வீ" என்ற ஒரே சொல். அதில் அழைப்பும் உண்டு, விலக்கலும் உண்டு. சூழலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலோகானோ நம்மையும் ஒரு படி தாண்டுகிறது. "தா" என்று ஒன்று இருக்கிறது. நீயும் நானும், இரண்டே பேர். மூன்றாமவர் வந்துவிட்டால் அது தயோ ஆகிவிடும்.

இனி முதல் கேள்வி. உறவு இல்லை. டுக்னாட் பழைய நோர்ஸ் மொழியில் உதவி என்று பொருள்பட்ட "டுக்னத்ர்" என்பதிலிருந்து வந்தது. "டூகெ", பயன்படுதல், என்ற வினை இன்றும் நார்வேஜியத்தில் இருக்கிறது. ஜெர்மனிலும் அதற்கு உடன்பிறப்பு உண்டு. தக்னாவா வடக்கு லூசான் தீவின் சொல். நார்வேஜியம் இந்தோ ஐரோப்பியக் குடும்பம். இலோகானோ மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரை பரந்த ஆஸ்திரோனீசியக் குடும்பம். இரண்டும் சந்தித்தது உங்கள் எஞ்சின் அறை மாதிரியான இடங்களில்தான்.

வேர்வேட்டை

நண்பரே, அவ்வளவு சீக்கிரம் கதவைச் சாத்த வேண்டாம். இலோகானோவில் பெரியவரை "அபோ" என்கிறார்கள். நம் அப்பன் அல்லவா? "அமா" என்ற சொல்லும் இருக்கிறது. நம் அம்மா! இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

தேங்காய்ச்சில்

இழை தொடங்கி மூன்றாவது பதிவிலேயே தமிழ் தாய்மொழி ஆகிவிட்டது. இந்த முறை கொஞ்சம் தாமதம்தான்.

இலக்கணச் சுமைதாங்கி

வேர்வேட்டை ஐயா, இலோகானோவில் "அமா" என்றால் அப்பா. அம்மாவுக்கு "இனா". குழந்தை வாய் முதலில் உருட்டும் ஒலிகளை உலகமெங்கும் பெற்றோர் தமக்கென்று எடுத்துக்கொள்கிறார்கள். யார் எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஜார்ஜிய மொழியில் அப்பாவுக்கு "மாமா" என்று பெயர். அதை வைத்து முறை கொண்டாட முடியாது.

தற்செயல் எவ்வளவு மலிவு என்று காட்டவா? நார்வேஜியத்தில் ஒன்பதுக்கு "நீ", பத்துக்குத் "தீ". இலோகானோவில் ஆள் பெயருக்கு முன்னால் "நி" வரும், பொதுப் பெயருக்கு முன்னால் "தி" வரும். "துவா" என்பது இலோகானோவில் இரண்டு. நார்வேஜியத்தில் "டூவா" என்றால் அந்தப் புறா. "மி" இன்னும் அழகு. நார்வேஜியத்தில் "பூக்கா மி" என்றால் என் புத்தகம். இலோகானோவில் "லிப்ரோமி" என்றால் எங்கள் புத்தகம், உன்னுடையது இல்லை. இரண்டு மொழியும் உடைமைச் சொல்லைப் பெயருக்குப் பின்னால் ஒட்டவைக்கின்றன, இரண்டிலும் அது "மி". இதையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகமே எழுதலாம். எழுதக்கூடாது.

வேர்வேட்டை

சரி, ஒரே ஒரு சொல்லாவது உண்மையாகத் தமிழிலிருந்து போனது கிடையாதா? ஒன்று கொடுங்கள், அமைதியாகி விடுகிறேன்.

இலக்கணச் சுமைதாங்கி

ஒன்று இருக்கிறது, அதுவும் இரண்டு மொழியிலும். மாங்காய். நம் கரையிலிருந்து மலாய்க்குப் போய் "மங்கா" ஆகி, தீவு தீவாக ஏறி இலோகானோவில் "மங்கா" என்றே நிற்கிறது. அதே சொல்லைப் போர்த்துகீசியர் மேற்கே எடுத்துப் போனார்கள், நார்வேஜியத்தில் "மாங்கோ". கப்பலேற்றியது தமிழ் மாங்காயா மலையாள மாங்ஙாவா என்று கேட்டால் இன்னொரு இழை தொடங்க வேண்டியிருக்கும்.

நார்வேஜியர்களிடம் கட்டுமரமும் கறியும்கூட இருக்கின்றன: "கத்தமரான்", "கரி".

வேர்வேட்டை

போதும். இன்றிரவு தூங்குவேன்.

பனிமகள்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் நார்வேக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. முதலில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலை. அந்தக் காலத்தில் அங்கே வந்த ஈழத் தமிழர்கள் பலருக்கு அதுதான் முதல் வேலை. இப்போது ஒஸ்லோவில் முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கிறேன். என்னோடு வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி பிலிப்பைன்ஸின் இசபெலா மாகாணம், இலோகானோ கதைப்பவள். ஆகவே இரண்டு மொழியும் தினமும் என் காதில் விழுகின்றன.

கடலோடி தம்பி, உங்கள் தலைமைப் பொறியாளர் தன்னை எப்படிக் குறிப்பிடுகிறார் என்று கவனித்தீர்களா?

கடலோடி

அக்கா, அதுவே எனக்குக் குழப்பம். கைபேசிச் செயலியில் நான் என்பதற்கு "யெய்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இவரோ ஆவுக்கும் ஏவுக்கும் நடுவில் ஆடு கத்துவது போல ஒற்றை ஒலி எழுப்புகிறார்.

பனிமகள்

அதேதான்! எனக்கும் அப்படித்தான் நடந்தது. மொழி வகுப்பில் "யெய்" படித்துவிட்டு மறுநாள் தொழிற்சாலைக்குப் போனால் ஒருவரும் அப்படிக் கதைக்கவில்லை. "என்ன" என்பதற்கு வகுப்பில் "வா", தொழிற்சாலையில் "கா". நான் வேறு ஏதோ மொழியைப் படித்துவிட்டேன் என்று பயந்துபோனேன். மேற்கே போனால் "எக்", கிழக்கில் உள்நாட்டுப் பக்கம் "யே". நான் என்ற ஒரு சொல்லுக்கே இத்தனை.

பிறகுதான் விளங்கியது: நார்வேயில் எழுத்துக்குச் சட்டம் உண்டு, பேச்சுக்குக் கிடையாது. நாடாளுமன்றத்தில் பேசுகிறவரும், வைத்தியரும், பேராசிரியரும் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுவார்கள். மேடை ஏறினால் மொழியை மாற்றுகிற நமது வழக்கம் அங்கே இல்லை. பிள்ளைகளின் பேச்சை ஆசிரியர் திருத்தக்கூடாது, அவர்களின் சொந்தப் பேச்சில்தான் கற்பிக்க வேண்டும் என்று 1878-லேயே நாடாளுமன்றம் முடிவெடுத்திருக்கிறது.

தமிழருக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். ட, ண, ள மூன்றும் நமக்கு இலவசமாகக் கிடைத்தவை. கிழக்கிலும் வடக்கிலும் "ர்" என்ற எழுத்துக்குப் பின் த, ந, ல வந்தால் இரண்டும் கலந்து நாக்கு மேலே மடிந்துவிடும். குழந்தை என்பதை ர், ன் சேர்த்து எழுதுவார்கள், சொல்வது "பாண்". நம் ண்-ஏதான்! வகுப்பில் இருந்த போலந்துக்காரரும் ஸ்பானியக்காரரும் அதற்காகத் தவம் கிடந்தார்கள். நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். பேர்கன் பக்கம் போனால் மட்டும் இது செல்லாது. அங்கே ர் தொண்டையில் உருளும்.

தேங்காய்ச்சில்

அப்படியானால் அங்கே ழகரமும் இருக்குமே?

பனிமகள்

ழ இல்லை. தடித்த ல் என்று ஒன்று உண்டு, நாக்கை மடித்து ஒரு தட்டு. ஆனால் ழகரப் புலம்பலுக்கு ஈடான புலம்பல் உண்டு. "சினிமா" என்பதற்கான சொல்லின் முதல் ஒலி மென்மையான ஹ்யி மாதிரி இருக்க வேண்டும். இளம் பிள்ளைகள் அதை ஷ ஆக்கிவிட்டார்கள். பெரியவர்கள் பத்திரிகைக்கு எழுதி ஆற்றாமையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் வாழைப்பழத்துக்கு நடப்பதுதான்.

சொல்ல மறந்தது ஒன்று. அப்பாவின் அம்மா "ஃபார்மோர்", அம்மாவின் அம்மா "மோர்மோர்". எங்கள் அப்பம்மாவும் அம்மம்மாவும் அப்படியே! என் மகள் இரண்டையும் மொழிபெயர்க்கவே இல்லை, மாற்றிப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

புதுமாணவன்

அப்படியென்றால் நார்வேஜியமே எளிது என்று முடித்துக்கொள்ளலாமா? வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது என்று படித்தேன். நான், நீ, அவள், அவர்கள் எல்லோருக்கும் ஒரே வடிவமாம்.

இலக்கணச் சுமைதாங்கி

உண்மை. "ஆர்" என்றால் இருக்கிறேன், இருக்கிறாய், இருக்கிறார்கள் எல்லாமே. தமிழ் கற்கிற நார்வேஜியர்மீது எனக்கு எப்போதும் இரக்கம் உண்டு.

ஆனால் விலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, சொல்லின் இசை. உழவர்கள் என்பதும் அவரைகள் என்பதும் ஒரே மாதிரி "பென்னர்" என்றுதான் ஒலிக்கும். குரல் ஏறி இறங்கும் விதம்தான் வேறு. நம் காதுக்கு இது தெரியவே தெரியாது. இலோகானோவில் அழுத்தம் போதும்: "காயோ" என்று முதலில் அழுத்தினால் மரம், "கயோ" என்று கடைசியில் அழுத்தினால் நீங்கள். இரண்டு, நார்வேஜிய வினை எப்போதும் இரண்டாம் இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். "குழந்தை மாங்காய் தின்றது" என்பதில் தின்றது நடுவில் வரும். முன்னால் "நேற்று" என்று ஒன்றைச் சேர்த்தீர்களோ, குழந்தை நகர்ந்து வினைக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். இலோகானோவில் இந்த இடம்பிடிக்கும் ஆட்டம் இல்லை. வினைதான் முதலில். "நங்கன் தி உபிங் இதி மங்கா." தின்றது, குழந்தை, மாங்காய். நம் வாக்கியத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி.

கடலோடி

போசன் பேசும்போது அடிக்கடி "கனோ, கனோ" என்று வருகிறது. ஆள் பெயரா?

இலக்கணச் சுமைதாங்கி

இதற்காகத்தான் காத்திருந்தேன். அது நம் "ஆம்". "நபான் கனோ" என்றால் போனானாம். நான் பார்க்கவில்லை, சொன்னார்கள், பொறுப்பு என்னுடையதில்லை. ஒரே அசையில் பழியைக் கைகழுவும் இந்த வசதி ஐரோப்பிய மொழி பேசுபவர்களுக்குப் புரிய வைக்க ஒரு பத்தி தேவைப்படும். தமிழனுக்கு ஒரு எழுத்து போதும்.

நார்வேஜியமும் இதில் வெறுங்கையோடு இல்லை. "ஹான் ஸ்கால் வேரே ரீக்". ஸ்கால் என்பது கடமையையும் எதிர்காலத்தையும் காட்டும் துணைவினை, ஆனால் இங்கே பொருள் "அவன் பணக்காரனாம்". செயலிகள் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. செய்தித்தாளில் தினமும் வரும்.

இன்னொன்று, "கயாம்". எதிர்பாராமல் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்போது வரும் சொல். "சிகா கயாம்!" என்றால் "அட, நீதானா!"

இல்லை என்பதற்கும் அல்ல என்பதற்கும் நாம் வேறுபாடு காட்டுகிறோம் அல்லவா, அவர்களும் காட்டுகிறார்கள். உண்டு என்பதற்கு "அட்டா", இல்லை என்பதற்கு "அவான்", அல்ல என்பதற்குச் "ச-ஆன்". நார்வேஜியத்தில் இல்லை, அல்ல இரண்டுக்கும் ஒரே "இக்கே".

பனிமகள்

என் தோழியிடம் இப்போதுதான் கேட்டேன். கனோவைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள். "வார்டில் வம்பு பேசும்போது நார்வேஜியத்தில் பேசினாலும் கனோவைச் சேர்த்தால்தான் நிம்மதி" என்கிறாள். அவள் என்னை "மனாங்" என்றுதான் கூப்பிடுவாள், அக்கா. ஆண் என்றால் "மனோங்". தம்பி, தங்கை இருவருக்கும் பொதுவாக "அடிங்". வயதுக்கு மரியாதை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இங்கே நார்வேயிலோ தொண்ணூறு வயதுப் பாட்டியையும் முதற்பெயரால் அழைத்து, "நீ" என்றுதான் பேச வேண்டும். மரியாதைப் பன்மை ஒன்று முன்பு இருந்தது, இப்போது யாரும் எடுப்பதில்லை. எனக்கு அது வாயில் வரப் பல வருடம் ஆனது.

இலக்கணச் சுமைதாங்கி

வேர்வேட்டை ஐயா மனாங்கைப் பார்த்து எதுவும் தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்: மனோங் ஸ்பானிய மொழியின் சகோதரன் என்ற சொல்லிலிருந்து வந்தது.

வேர்வேட்டை

நான் வாயே திறக்கவில்லை.

நெல்வயல்

புதிதாக நுழைகிறேன், விவசாயக் குடும்பம். இலோகானோக்காரர்கள் நெல் விளைவிப்பவர்கள் என்றால் ஒரு சோதனை. நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டா?

இலக்கணச் சுமைதாங்கி

உண்டு. வயலில் நிற்பதும் உமியோடு இருப்பதும் "பாகாய்". குத்தியது "பகாஸ்". வெந்தது "இன்னபூய்". கடைசியில் உள்ளே இருப்பது "அபூய்", தீ. நெருப்பு கண்டதுதான் சோறு. நார்வேஜியத்தில் மூன்றும் "ரீஸ்".

பகாஸ் என்பதற்கு இன்னொரு பொருள் உட்பொருள், சாரம். உமி நீக்கினால் கிடைப்பதுதானே அரிசி. இலோகானோவில் முதலில் அச்சான புத்தகம் 1621-இல் வந்த கிறித்தவ வினாவிடை. பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற அகஸ்டீனியத் துறவி தயாரித்தது. அதன் தலைப்பிலேயே பகாஸ் இருக்கிறது: போதனையின் பகாஸ் முழுவதும். அரிசி உண்பவர்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு அமையாது.

அந்தப் புத்தகத்தில் தமிழர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே முன்பு புழங்கிய எழுத்து பிராமி வழி வந்தது, நம் எழுத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஒவ்வோர் எழுத்திலும் அகரம் ஏறியிருக்கும். ஆனால் மெய்யைத் தனியாக எழுத வழியில்லை, புள்ளி கிடையாது. சொல்லின் கடைசி மெய்யை விட்டுவிட்டு எழுதுவார்கள், படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். நம் பழைய ஓலைகளில் புள்ளி இடாமல் எழுதியதைப் படித்தவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும். லோபெஸ் எழுத்தின் கீழே சிறிய சிலுவை ஒன்று போட்டு அகரத்தை நீக்கினார். துறவி அல்லவா, புள்ளி வைக்கச் சொன்னால் சிலுவை வைத்தார். ஆனால் ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. பிறகு உரோமன் எழுத்தே வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

தேங்காய்ச்சில்

அரிச்சுவடியைத் தாண்டாத நம் ங-வுக்கு அங்கே ஏதாவது வேலை கிடைக்குமா?

இலக்கணச் சுமைதாங்கி

ஏராளம். "ங" என்பதே அங்கே ஒரு முழுச் சொல். அடையையும் பெயரையும் இணைக்கும் கொக்கி. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ங வரும். விலைக்கு "ஙினா". நன்றி சொல்வது "டியோஸ் தி அக்ஙினா", அதாவது உனக்குரிய விலையைக் கடவுள் தருவார். நான் தரமாட்டேன் என்பதை இவ்வளவு நாகரிகமாக வேறு மொழியில் கேட்டதில்லை.

இன்னொரு உறவுக்காரரும் இருக்கிறார், குற்றியலுகரம். லா யூனியன் போன்ற தெற்குப் பகுதிப் பேச்சில் எகரத்தை உதடு குவிக்காமல் பின்னால் இழுத்துச் சொல்வார்கள். நாம் "பாட்டு", "வீடு" என்று முடிக்கும்போது வருகிற அந்த அரை உகரம்தான். போசன் பேசும்போது கவனியுங்கள்.

புதுமாணவன்

ஐயா, இதையெல்லாம் கேட்டால் இலோகானோவே வீட்டு மொழி மாதிரி இருக்கிறது. எங்கே இடறும்?

இலக்கணச் சுமைதாங்கி

வினையில். அங்கே நீங்கள் நன்றாக இடறுவீர்கள்.

தமிழில் யார் செய்தார், எதைச் செய்தார், யாருக்காக என்பதையெல்லாம் பெயரில் உருபு ஒட்டிக் காட்டுகிறோம். "அம்மாவுக்காக அரிசி வாங்கினாள்" என்பதில் வினை தன்பாட்டில் நிற்கிறது. இலோகானோவில் பேச்சின் வெளிச்சம் யார்மேல் விழுகிறது என்பதை வினைதான் சொல்லும். வேர் "கதாங்". வாங்குபவர்மேல் வெளிச்சம் என்றால் "குமதாங்". வாங்கப்படும் அரிசிமேல் என்றால் "கதாங்கென்". யாருக்காக வாங்குகிறாளோ அந்த அம்மாமேல் என்றால் "இகதாங்கன்". இவற்றைச் செயப்பாட்டு வினை என்று பள்ளிக்கூட இலக்கணத்தில் அடைத்துவிட முடியாது. அன்றாடப் பேச்சே இதில்தான் ஓடும். ஒரு குறிப்பிட்ட பொருளை வாங்கியதைச் சொல்ல இயல்பாக வருவது கதாங்கென் வகைதான். நாமோ பழக்கதோஷத்தில் எப்போதும் செய்பவரையே முன்னால் நிறுத்திப் பேசுவோம். புரியும், ஆனால் கேட்பவர் காதில் உறுத்தும்.

முன்னசையை இரட்டிப்பது மட்டும் சுகம். "கல்டிங்" ஆடு, "கல்கல்டிங்" ஆடுகள். "அக்பாசா" படிப்பது, "அக்பஸ்பாசா" படித்துக்கொண்டே இருப்பது. வீடுவீடாக, படிப்படியாக என்று சொல்கிற நமக்கு இதில் திணறல் இல்லை.

நெல்வயல்

பேசுபவர் எண்ணிக்கையில் எது பெரியது? நார்வேஜியமாகத்தான் இருக்கும், இல்லையா?

இலக்கணச் சுமைதாங்கி

இல்லை. நார்வேயின் மொத்த மக்கள்தொகையே 55 லட்சத்தை ஒட்டித்தான். இலோகானோ இனத்தவர் பிலிப்பைன்ஸில் மட்டும் 80 லட்சத்துக்கு மேல். ஹவாயில் வேறு இருக்கிறார்கள். 1906-இல் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன முதல் பதினைந்து பேரில் தொடங்கிய குடியேற்றம் அது. ஆனால் நார்வேஜிய எழுத்தாளர்களுக்கு நான்கு முறை நோபல் பரிசு கிடைத்திருக்கிறது. இலோகானோவைச் சொந்த நாட்டிலேயே பலர் "வட்டார வழக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இத்தனைக்கும் "பன்னவாக்" என்ற இதழ் 1934-இலிருந்து அந்த மொழியில் வருகிறது. பெயருக்கு விடியல் என்று பொருள். அங்கே பல தலைமுறை இலோகானோவைப் பிழையில்லாமல் எழுதக் கற்றதே அதைப் படித்துத்தான் என்பார்கள். நம் வீடுகளில் தொடர்கதைக்காக வார இதழைப் பிடுங்கிப் படித்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பனிமகள்

நார்வேஜியம் சும்மா இந்த நிலைக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நானூறு வருடத்துக்கு மேல் டென்மார்க்கோடு இணைந்திருந்தார்கள். எழுத்து முழுக்க டேனிஷ், பேச்சு மட்டும் நார்வேஜியம். 1814-இல் பிரிந்த பிறகுதான் "எங்கள் எழுத்து எது" என்ற கேள்வி வந்தது. ஐவார் ஓசென் என்று ஒரு விவசாயி மகன் 1842-இலிருந்து நான்கு வருடம் ஊர் ஊராக நடந்து பேச்சு வழக்குகளைச் சேகரித்தார். அவற்றிலிருந்து ஒரு எழுத்து மொழியையே கட்டினார். அதுதான் இன்றைய நீநோர்ஷ்க். இன்னொரு கூட்டம் டேனிஷையே கொஞ்சம் கொஞ்சமாக நார்வேஜியமாக்கியது, அது பூக்மோல். 1885-இல் இரண்டுக்கும் சம உரிமை. இன்றுவரை இரண்டும் இருக்கின்றன. நீநோர்ஷ்கில் படிக்கும் பிள்ளைகள் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல்தான். ஆனால் 2023-இல் நோபல் வாங்கிய யூன் ஃபொசெ எழுதுவது அதில்தான்.

இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடலாம் என்று அரசாங்கம் ஒரு முறை முயன்றது. 1950-களின் தொடக்கத்தில் பெற்றோர் பேனாவை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் சொற்களைத் தாங்களே திருத்தினார்கள்! கடைசியில் 2002-இல் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். சனம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்ட ஒரு இடமும் இருக்கிறது. முன்பு இருபத்தைந்தை "ஐந்தும் இருபதும்" என்று சொல்வார்கள். தொலைபேசி எண் சொல்லும்போது குழம்புகிறது என்று 1951-இல் "இருபது ஐந்து" என்று மாற்றினார்கள். என் இல்லத்துப் பாட்டிமாரில் சிலர் இன்னும் பழையபடி சொல்கிறார்கள். மருந்து அளவு என்றால் நான் இரண்டாம் முறை கேட்டுத்தான் எழுதுவேன்.

இலக்கணச் சுமைதாங்கி

அக்கா சொன்னதோடு லா யூனியனைச் சேர்க்கிறேன், போசனின் மாகாணம் அல்லவா. 2012-இல் அந்த மாகாண அவை இலோகானோவை அலுவல் மொழியாக அறிவித்தது. பிலிப்பைன்ஸில் ஒரு மாகாணம் தன் மொழிக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அதே சமயத்தில் நாடெங்கும் தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வியும் தொடங்கியது. நல்ல காலம் என்று நினைத்தோம். 2024-இல் புதிய சட்டம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு. ஓசென் சேகரிப்பைத் தொடங்கியதற்கும் சம உரிமைச் சட்டத்துக்கும் இடையே நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள். எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் அது என் மொழி இல்லை. கோபப்பட வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள், படுகிறார்கள்.

மட்டுறுத்துநர்

மொழிக் கொள்கை விவாதம் நீண்டால் தனி இழைக்கு மாற்றப்படும். கடலோடியின் கேள்விக்கு யாராவது நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

பனிமகள்

நார்வேஜியம். வேலைக்குக் கைகொடுக்கும், புத்தகமும் வகுப்பும் வேண்டிய மட்டும் கிடைக்கும். தம்பி கிழக்குப் பேச்சைப் படித்தால் நாக்கு ஏற்கனவே தயார்.

இலக்கணச் சுமைதாங்கி

இலோகானோ. செயலியில் எளிதில் கிடைக்காது, ஆகவே ஆளிடம்தான் கற்க வேண்டும். ஆள் பக்கத்து அறையில் இருக்கிறார்.

தேங்காய்ச்சில்

நேரடிப் பதில் இரண்டு வந்துவிட்டது. மட்டுறுத்துநருக்குத் திருப்தியா?

கடலோடி

கரையில் இருந்ததால் ஒரு வாரம் எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தலைமைப் பொறியாளரிடம் "பாண்" என்று சொல்லிக் காட்டினேன். எழுதியிருப்பதைப் படிக்காமல் எப்படி ண் போட்டாய் என்று திகைத்தார். எங்கள் மொழியில் அது அரிச்சுவடி என்றேன். மூன்று முறை சொல்லச் சொன்னார். பிறகு "பென்னர்" இரண்டையும் சொல்லிக் காட்டி எது உழவர், எது அவரை என்று கேட்டார். பத்துக்கு ஐந்து சரி. காசைச் சுண்டிப்போட்டிருந்தாலும் அதே மதிப்பெண் வந்திருக்கும்.

போசனிடம் கமி விஷயத்தை விளக்கி மன்னிப்புக் கேட்டேன். "நீ கப்பலில் எங்களோடு சேரமாட்டாய் என்று நினைத்தேன்" என்றார், பாதி விளையாட்டாக. குற்றியலுகரத்தையும் கவனித்தேன். சுமைதாங்கி ஐயா சொன்னது சரி, அப்படியே நம் "வீடு".

முந்தாநாள் இரவுக் காவல் முடிந்து சமையலறைப் பக்கம் போனேன், மணி இரண்டு இருக்கும். கரையில் வாங்கிய பச்சை மாங்காயைப் போசன் தனியாக நறுக்கிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் தட்டை நடுவில் நகர்த்தி, "மங்கன் தா" என்றார்.

தயோ இல்லை, தா.

தேங்காய்ச்சில்

எல்லாம் சரி, மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் இருந்ததா இல்லையா?

கடலோடி

இல்லை. புக்குவோங் என்று ஒன்று தந்தார், உப்பில் ஊறிப் புளித்த மீன். முதல் வாய் கஷ்டம். நாளைக்கு என் பெட்டியிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்துப் போகிறேன்.